அறிவியல் தொழில்முனைவுக்குத் தொழில்நுட்பப் பூங்கா உதவுகிறதா?

கேள்வி:
ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுவர முனையும் புதிய நிறுவனத்துக்கு, வாடகைக்கு இடம் தருவதைத் தாண்டித் தொழில்நுட்பப் பூங்கா என்ன செய்கிறது? சுற்றியுள்ள ஊருக்கும் பயன் உண்டா?

மறுமொழி 1:
மென்பொருள் நிறுவனத்தைச் சில கணினிகளோடு தொடங்கிவிடலாம். உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ தூசும் கிருமியும் புகாத தூய்மை அறை, நுண்ணோக்கி, கழிவகற்றும் வசதி எல்லாம் தொடக்கத்திலேயே வேண்டும். பூங்காவில் இவற்றைப் பல நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ள முடிவதால், முதலீடு கருவிகளில் முடங்காமல் ஆய்வுக்குச் செல்கிறது. இதையே முதன்மையான உதவியாகக் கருதுகிறேன்.

மறுமொழி 2:
தைவானின் சின்ச்சு அறிவியல் பூங்கா 1980இல் தொடங்கப்பட்டபோது, அருகிலேயே பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் இருந்தன. அந்த ஆய்வு நிறுவனத்தின் துணையோடுதான் 1987இல் டி.எஸ்.எம்.சி. என்ற கணினிச் சில்லு (chip) தயாரிப்பு நிறுவனம் உருவானது. பின்னர் சில்லு வடிவமைப்பு, சோதனை நிறுவனங்களும் அங்கே பெருகின.

மறுமொழி 3:
ஆனால் பூங்கா வந்தால் சுற்றியுள்ள ஊரில் வீட்டு வாடகையும் உயரக்கூடும் என்பதைத் திட்டமிடுவோர் மறக்கக் கூடாது.