மோகன் குமாரமங்கலத்தின் அப்பா: கட்சியே இல்லாமல் முதல் மந்திரியா?

செவ்வாய்ப்பேட்டையான் (கேள்வி):

போன வாரம் மாமனாரின் கண் ஆபரேஷனுக்காக மூன்று நாள் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். 'அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை' என்ற போர்டை சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், யார் என்று யோசித்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். "இவரு இரும்பாலை மந்திரிங்க. இவரோட அப்பா சுப்பராயன் சென்னை மாகாணத்துக்கே முதல் மந்திரி. எந்தக் கட்சியும் இல்லாம ஆனாருங்க" என்றார்.

நான் படித்ததெல்லாம் சேலத்தில்தான். ராஜாஜி இங்கே முனிசிபல் சேர்மனாக இருந்தது வரை தெரியும். சுப்பராயன் பெயரை எந்தப் பாடத்திலும் பார்த்த ஞாபகம் இல்லை. உண்மைதானா? கட்சி இல்லாமல் எப்படி முதல் மந்திரி ஆக முடியும்?

காப்பித்தோட்டம்:

உண்மைதான். டாக்டர் ப. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை. அப்போது திருச்செங்கோடு சேலம் ஜில்லாவில் இருந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது, நாமும் மறந்துவிட்டோம். நீதிக்கட்சி ஆட்சி என்று நினைக்கிறேன்.

பழைய ரிக்வண்டி:

நீதிக்கட்சி இல்லீங்க. பெரியவர் சொன்னதுதான் சரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டன் குமாரமங்கலம் ஜமீனுக்கு வரி கட்டிய குடியானவர். நான் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி, வைத்துப் பிழைத்து, இப்போது சேலத்தில் மகன் வீட்டில் உட்கார்ந்து கிடைத்ததை எல்லாம் படிக்கிறவன். ஜமீனைப் பற்றி வீட்டில் கேட்ட வசவுகள் காதில் அப்படியே இருக்கின்றன. அதனால் நான் சுப்பராயனுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1926 தேர்தலில் காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சிதான் பெரிய கட்சி. தேர்தல் நடந்த 98 இடங்களில் 41 அவர்களுக்கு. ஆனால் வெள்ளைக்காரன் கீழே பதவி ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. நீதிக்கட்சிக்கு 21தான், அதன் தலைவர் பனகல் அரசரும் மாட்டேன் என்றுவிட்டார். ஆக வண்டி நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. கவர்னர் கோஷன் சுயேச்சையாக இருந்த சுப்பராயனைக் கூப்பிட்டார். கூட ரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் என்று இரண்டு மந்திரிகள். மொத்த மந்திரிசபையே மூன்று பேர்தான்.

முதல் மந்திரி என்றால் இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம் மாதிரியானவை மந்திரிகளிடம். போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னரின் நிர்வாகக் கவுன்சிலிடம். பணப்பெட்டியின் சாவி இல்லாத முதல் மந்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1928இல், இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய இந்தியர் ஒருவரும் இல்லாமல் லண்டன் அனுப்பிய சைமன் கமிஷன் வந்தபோது சபையில் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. கூட இருந்த இரண்டு மந்திரிகளும் விலகினார்கள். சுப்பராயன் விலகவில்லை. நீதிக்கட்சி ஆதரவோடு முத்தையா முதலியாரையும் சேதுரத்தினம் ஐயரையும் சேர்த்துக்கொண்டு நடத்தினார். எங்கள் தொழிலில் கூட்டாளி பாதியில் விலகினால், ஏற்றி வைத்த ராடை இறக்கிவிட்டு வரமாட்டோம். வேறு ஆளைப் போட்டு அந்தக் குழியை முடித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்போம். அவர் செய்தது அதுதான். நாடு முழுக்க 'சைமனே திரும்பிப் போ' என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் செய்தார் என்பதுதான் உறுத்துகிறது.

ஆனால் அந்தக் குழியில் தண்ணீர் வந்ததுங்க. முத்தையா முதலியார் கொண்டுவந்த வகுப்புவாரி உத்தரவு இந்த மந்திரிசபையில்தான் நடைமுறைக்கு வந்தது. 12 அரசு வேலையில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. 1951இல் சுப்ரீம் கோர்ட் அடித்துப்போட்டு, அரசியல் சட்டத்தையே முதல்முறையாகத் திருத்த வேண்டிவந்தது இந்த ஏற்பாட்டால்தான். முத்தையா முதலியார் பெயரையாவது மேடையில் சொல்கிறார்கள். அந்த மந்திரிசபைக்குத் தலைமை தாங்கியவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. எந்தக் கட்சி எடுக்கும்? எந்தக் கட்சி ஆபீசிலும் அவர் படம் இருக்க நியாயமில்லையே.

அப்புறம் காங்கிரசுக்கு வந்தார். 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் அவரிடம். பிறகு ஓமந்தூரார் ஆட்சியில் போலீஸ் இலாகா. 1926இல் கைக்கு எட்டாத போலீஸ் இருபது வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. அதே ஓமந்தூரார் ஆட்சியில்தான் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. இதை என் பாட்டன் எப்படிச் சொல்லிச் சிரிப்பார் என்பதை இங்கே எழுத முடியாது.

தறிச்சத்தம்:

ஐயா நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முக்கியமானதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். "சட்டமும் கல்வியும் அவரிடம்." 1938இல் 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கிய உத்தரவு எந்த இலாகாவில் வந்தது? ராஜாஜியைத் திட்டுகிற நாம் கல்வி மந்திரியை ஏன் விட்டுவிடுகிறோம்? சுயேச்சை, நீதிக்கட்சி ஆதரவு, பிறகு காங்கிரஸ். எங்கள் அம்மாபேட்டையில் இதற்குப் பெயர் வேறு.

பழைய ரிக்வண்டி:

தம்பி, கேட்டது நியாயம். வேண்டுமென்றே தாண்டவில்லை. கை வலித்தது, நிறுத்தினேன்.

அந்த உத்தரவில் அவருக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ராஜாஜியின் பிடிவாதம் ஊருக்கே தெரியும், ஆனாலும் இலாகா இவருடையது. ஆயிரக்கணக்கில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 1939இல் மந்திரிசபை விலகி, 1940 பிப்ரவரியில் கவர்னர்தான் அந்தக் கட்டாயத்தை எடுத்தார். அவர் கணக்கில் அது பற்றுதான்.

வரவு ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். 1955இல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷன் போட்டார்கள். இந்தியை எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்கத்தான் அது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். மறுத்துத் தனிக் குறிப்பு எழுதியவர்களில் ஒருவர் வங்காளத்து மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி. இன்னொருவர் நம் சுப்பராயன். 1938இல் அந்த இலாகாவில் உட்கார்ந்தவர், காங்கிரசிலேயே இருந்துகொண்டு, டெல்லியில் எழுத்தில் போட்டார். கட்சி மாறுகிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

நான் மத்தியப் பிரதேசத்தில் பன்னிரண்டு வருஷம் போர்வெல் போட்டவன். வயிற்றுக்கு வேண்டும் என்றபோது ஆறு மாதத்தில் இந்தி வந்துவிட்டது, எவனும் உத்தரவு போடவில்லை. அதனால்தானோ என்னவோ அந்தத் தனிக் குறிப்பு விஷயம் தெரிந்தபோது அவர் மேல் இருந்த பரம்பரைக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோடு எம்.பி., மத்திய மந்திரி, 1962இல் மகாராஷ்டிர கவர்னர், அந்த வருஷமே அக்டோபரில் காலமானார். மனைவி ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அது தனிக் கதை. பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தளபதி. மகள் பார்வதி கோயமுத்தூரில் கம்யூனிஸ்ட் எம்.பி. மோகனும் கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரசுக்கு வந்தவர்தான், 1973இல் டெல்லி விமான விபத்தில் போய்விட்டார். பேரன் ரங்கராஜன் மூன்று தடவை நம் சேலத்துக்கே எம்.பி. ஜமீன் வீட்டில் ஒரே மேசையில் இத்தனை கட்சி சாப்பிட்டிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையான்:

நன்றிங்க ஐயா. மாமனாருக்குப் படித்துக் காட்டினேன், கட்டுப் பிரிக்காத கண்ணோடு "அந்த 12 பங்குக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு" என்றார். பெரியவர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டார். வருகிற புதன்கிழமை இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் செக்கப். தனிக் குறிப்பு விஷயம் அவருக்குத் தெரியுமா என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.