‘பாஸ் அவுட்’ ஆனவர் பட்டதாரியா, மயங்கி விழுந்தவரா?

செல்லூர்க்காரன்:
என் தங்கை மதுரையில் பி.காம். முடித்தவள். வேலைக்கு அனுப்பிய விவரக் குறிப்பில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022’ என்று எழுதியிருந்தாள். லண்டனிலிருந்து காணொளியில் நேர்காணல் நடத்தியவர், “இப்போது உடம்பு தேறிவிட்டதா?” என்று கேட்டாராம். வேலை கிடைக்கவில்லை; அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இங்கே எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்?

திருமங்கலம் ஆங்கில ஆசிரியர்:
எல்லோரும் சொன்னாலும் தவறு தவறுதான், தம்பி. பேச்சு ஆங்கிலத்தில் அந்த வினைக்கு நினைவிழந்து விழுவது என்று பொருள். வெயிலில் நெடுநேரம் நின்றவன், ரத்தத்தைக் கண்டு மிரண்டவன், அளவுக்கு மீறிக் குடித்தவன் எல்லாம் ‘பாஸ் அவுட்’ ஆவார்கள். ஒன்றை எல்லோருக்கும் விநியோகிப்பது என்ற பொருளும் உண்டு. அப்போது ‘பாஸ் த பேப்பர்ஸ் அவுட்’ என்று, கொடுக்கும் பொருளின் பெயரை நடுவில் செருகிச் சொல்லலாம். மயங்குவது என்ற அர்த்தத்தில் அப்படிச் செருகும் வேலை நடக்காது. படிப்பை முடித்ததற்கு ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி மணி:
வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் திறந்து பாருங்கள், ஐயா. ‘2024 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று நிறுவனங்களே போடுகின்றன. மயங்கி விழுந்தவர்களையா தேடுகிறார்கள்? சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் புரிகிறது. லண்டன்காரர் ஒருவர் கிண்டலடித்தார் என்பதற்காக நாம் ஏன் கூனிக்குறுக வேண்டும்?

உசிலம்பட்டி சுபேதார் (ஓய்வு):
இருவரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கு வெள்ளைக்காரனின் ஆங்கிலத்திலேயே இதே சொல்தான். டேராடூன் ராணுவ அகாடமியில் நடப்பதன் பெயரே ‘பாஸிங் அவுட் பரேட்’. அணிவகுப்பு முடிந்து, செட்வுட் கட்டடத்துப் படியேறி, ‘அந்திம் பக்’ (இந்தியில், கடைசி அடி) என்று எழுதிய இடத்தைத் தாண்டினால் அவன் அதிகாரி. நம் பரங்கிமலை அகாடமியிலும் இதே அணிவகுப்பு உண்டு. அந்த மைதானத்தில் வெயில் தாங்காமல் சாய்கிறவனுக்கும் இதே வினைதான் என்பது தனி வேடிக்கை.

திருமங்கலம் ஆங்கில ஆசிரியர்:
சுபேதார் ஐயா சொல்வது அகராதியிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பி.காம். படித்த பெண் எந்த மைதானத்தில் நடை போட்டாள்? தளர்வாகக் கையாண்டால் பக்கத்துச் சொல்லும் சேர்ந்து கெடும். எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், பேராசிரியர் ஒருவர் காலமான செய்தியை ‘பாஸ்ட் அவுட்’ என்று ஒருவர் போட்டுவிட்டார். எழுத நினைத்தது ‘பாஸ்ட் அவே’. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று விசாரித்து, சாத்துக்குடியோடு கிளம்பியே விட்டார்கள் சிலர்.

மாட்டுத்தாவணி மணி:
அது அவசரத்தில் நேர்ந்த பிழை. அதை வழக்கின் தலையில் கட்டாதீர்கள். ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்கிறோம். எந்தக் கடையில் வாங்கினான், எதில் கட்டினான் என்று யாராவது கேட்கிறோமா? ‘பாஸ்’, ‘அவுட்’ இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் மயக்கம் மட்டும் வந்துவிடுமா? புழங்குகிறவர்கள் ஏற்றிய பொருள்தானே எல்லாம். இந்தியாவில் படிப்பை முடிப்பது என்ற பொருள் வேரூன்றிவிட்டது.

திருமங்கலம் ஆங்கில ஆசிரியர்:
‘வாங்கிக் கட்டிக்கொண்டேன்’ என்று கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் எழுதுவீர்களா, மணி?

பீபீகுளம் அக்கா:
நான் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தச் சொல்லை எங்கள் விளம்பரத்திலும் போடுகிறோம், உண்மைதான். ஆனால் வருகிற விண்ணப்பத்தில் நாங்கள் பார்ப்பது பட்டமும் ஆண்டும்தான். ‘பி.காம்., 2022’ என்று ஒரு வரி போதும். வினைச்சொல்லே வேண்டாமே, தம்பி.

செல்லூர்க்காரன்:
நன்றி, அக்கா. இன்று இரவே மாற்றச் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி மணி:
மாற்றட்டும். ஆசிரியர் ஐயா, உங்கள் பழைய மாணவர் குழுவின் பெயரில் ‘பாஸ் அவுட் பேட்ச்’ என்று இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

திருமங்கலம் ஆங்கில ஆசிரியர்:
குழுவைத் தொடங்கியது நான் அல்ல.