ஈறில் திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி: எந்த பாக்டீரியா காரணம்?

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 61. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லை ஒட்டிய ஈறில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி சிவந்து வீங்கி, மெல்ல முடியாதபடி வலித்தது. அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாள்கள் சாப்பிட்டதில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் சில வாரங்களிலேயே அதே இடத்தில் மறுபடியும் கட்டி வந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து துர்நாற்றத்துடன் சீழ் கசிகிறது. அந்தப் பல்லில் சொத்தை இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்குக் காரணமான கிருமி எது? மாத்திரைக்குக் கட்டுப்பட்டது ஏன் திரும்பி வருகிறது? சீழை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துவிட்டு மாத்திரை கொடுப்பது நல்லதல்லவா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஈறுநோய் மருத்துவர்

வணக்கம். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது. இருந்தாலும், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வேர்நுனியில் உண்டாகும் கட்டியைவிட ஈறுப்பையில் உண்டாகும் கட்டியையே சுட்டுகின்றன. வேர்நுனிக் கட்டி, பெரும்பாலும் சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்கூழ் செத்த பிறகு வருவது; அதற்கு ரூட் கெனால் சிகிச்சை தேவைப்படும். ஈறுப்பைக் கட்டியில் பல் பெரும்பாலும் உயிரோடிருக்கும், குளிர்ச்சி பட்டால் உணரும். எக்ஸ்ரே எடுத்து, குளிர்ச்சிச் சோதனையும் செய்து, ஈறுப்பையின் ஆழத்தையும் அளந்த பிறகே இது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டும்.

நலமான ஈறில் பல்லைச் சுற்றியுள்ள இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். ஆண்டுக்கணக்கில் காரை (பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு) படிந்து, ஈறு பல்லைவிட்டு விலகி, எலும்பும் கரையும்போது அந்த இடுக்கு 6 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள பையாகிவிடுகிறது. ஒரு மீன்முள் சிக்கிக்கொண்டாலும், மேற்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து அடியிலுள்ள காரையை விட்டுவைத்ததால் ஈறின் விளிம்பு மட்டும் ஆறி இறுகிக்கொண்டாலும், அந்தப் பையின் வாய் அடைபட்டுப்போகிறது. அப்போது உள்ளே ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாக்களும், அவற்றை எதிர்க்க வந்து மடிந்த வெள்ளணுக்களும் வெளியேற வழியில்லாமல் தேங்கிச் சீழாகின்றன. ஆகவே புதிதாக ஒரு கிருமி வெளியிலிருந்து வந்து தொற்றியது என்று எண்ண வேண்டாம்.

கட்டி திரும்பி வருவதற்கும் இதுவே காரணம். மாத்திரை வீக்கத்தைத் தணித்தது, ஆனால் பையும் காரையும் அப்படியே இருக்கின்றன. முறையான சிகிச்சை என்பது மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய கருவியை ஈறின் ஓரமாக உள்ளே செலுத்திச் சீழை வடியவிடுவதுதான். முதலில் இரத்தம் கலந்த மஞ்சள் சீழ் வரும், அது வந்த சிறிது நேரத்திலேயே நோயாளியின் முகத்தில் நிம்மதி தெரியும். பிறகு உப்புநீரால் கழுவி, வேரில் இறுக ஒட்டியிருக்கும் கரும்பச்சை நிறக் காரையைச் சுரண்டி எடுக்கிறோம். காய்ச்சல், முக வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு போன்றவை இருந்தால் மட்டுமே இதனுடன் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பது வழக்கம். ஈறுநோயைச் சுத்தம் செய்யாமல் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட சிலருக்கு ஒரே சமயத்தில் பல பற்களில் கட்டி கிளம்பியதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீக்கம் தாடைக்கு அடியில் பரவினாலோ, வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ சிரமப்பட்டாலோ, மூச்சு முட்டினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதில்: நுண்ணுயிரியல் ஆசிரியை

மருத்துவர் கூறியதோடு பாக்டீரியாக்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இக்கட்டிகளில் ஒரே ஒரு இனம் இருப்பதில்லை. எப்போதும் ஒரு கூட்டமே இருக்கிறது. அடிக்கடி காணப்படுபவை போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், பிரிவோடெல்லா இன்டர்மீடியா, ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், டானரெல்லா ஃபார்சிதியா, சுருள்வடிவ டிரிபோனீமாக்கள் ஆகியவை. பல்லின் பரப்பில் முதலில் ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள். நீண்ட இழை போன்ற ஃபியூசோபாக்டீரியம் அவற்றையும், பின்னால் வருபவற்றையும் பற்றிக்கொண்டு இரண்டையும் இணைக்கிறது. முன்னவை ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், ஆக்சிஜன் ஆகாத பின்னவற்றுக்குப் பையின் அடி வசதியான இருப்பிடமாகிவிடுகிறது.

இவற்றுள் ஜின்ஜிவாலிஸ் என் கவனத்தை எப்போதும் ஈர்ப்பது. சர்க்கரையை நம்பி வாழாத இந்தப் பாக்டீரியா, புரதத்தை அறுக்கும் நொதிகளைச் சுரந்து ஈறின் திசுவைச் சிதைக்கிறது. ஈறில் கசியும் இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டிய இரும்பையும் எடுத்துக்கொள்கிறது. இரத்தம் கலந்த ஊடகத்தில் ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்தால், முதலில் வெளிறியிருக்கும் அதன் திட்டுகள், இரத்தத்திலிருந்து பெற்ற நிறமி சேரச் சேரப் பழுப்பாகிப் பிறகு கருத்துவிடும். நீங்கள் குறிப்பிட்ட துர்நாற்றமும் இக்கூட்டம் புரதத்தைச் சிதைக்கும்போது வெளியாகும் கந்தக வாயுக்களால் வருவதே.

சீழைச் சோதிப்பது பற்றிக் கேட்டீர்கள். சாதாரணப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அனுப்பினால் காற்றுப்பட்டே இவற்றுள் பல இறந்துவிடும். முறையாக எடுத்தாலும் வளர்ந்து வரப் பல நாள்கள் ஆகும். வடிகாலும் சுத்திகரிப்பும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொற்று பரவும்போதோ, தக்க சிகிச்சைக்குப் பிறகும் கட்டுப்படாதபோதோ அச்சோதனை பயன்தரும்.

மாத்திரையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பிரிவோடெல்லாவின் சில வகைகள் அமாக்சிசிலினைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவதால் அதனுடன் மெட்ரோனிடசோலைச் சேர்க்கிறார்கள். அது ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாவுக்குள் சென்ற பிறகே நச்சாக மாறி அதன் டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் பெண்ணுறுப்பில் வரும் தொற்றுக்காக மெட்ரோனிடசோலைச் சாப்பிட்ட ஒரு பெண்ணின் ஈறுப்புண்ணும் சேர்ந்து ஆறியது கவனிக்கப்பட்டு, 1962-இல் லான்செட் இதழில் வெளியானது. இம்மருந்து வாய்க்கு வந்த வழி அதுவே. ஆயினும் பிசின் போன்ற படலத்துக்குள் ஒடுங்கியிருக்கும் கூட்டத்தின் உட்புறத்தை எம்மருந்தும் எளிதில் எட்டாது. நுண்ணோக்கியில் பாக்டீரியாக்களை முதன்முதலில் பார்த்த டச்சுக்காரரான லேவன்ஹுக் 1680-களிலேயே இதைக் கண்டார். தம் பல்லில் படிந்த அழுக்கை எடுத்து வினிகரில் கலந்தபோது அதிலிருந்த நுண்ணுயிர்கள் மடிந்தன, ஆனால் வினிகரால் வாயைக் கொப்பளித்தபோது படிவின் மேலே இருந்தவை மட்டுமே மடிந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே கருவியால் சுரண்டுவதைத் தவிர்க்க முடியாது.

பதில்: சர்க்கரை நோய்ப் பிரிவுச் செவிலியர்

அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி சோதனையை உடனே எடுத்துப் பாருங்கள். சர்க்கரை கட்டுக்கடங்காதபோது வெள்ளணுக்கள் சரிவரப் போராடுவதில்லை, புண்ணும் ஆறத் தாமதமாகும். ஈறில் அடிக்கடி கட்டி வருவதை வைத்தே சர்க்கரை நோய் முதன்முதலாகக் கண்டறியப்படுவோரும் உண்டு. மறுதிசையிலும் இது உண்மை: ஈறுக்குச் சிகிச்சை செய்த பிறகு எச்.பி.ஏ.1.சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் மெட்ரோனிடசோல் தருவதற்கு முன் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மீண்டும்: வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வார்ஃபரின் சாப்பிடுவதில்லை. நாளையே ஈறுநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். இன்னும் ஒரே ஒரு ஐயம்: அம்மா தம் பேரனுக்கு ஒரே கரண்டியால் ஊட்டுவது வழக்கம். அவனுக்கு இது தொற்றுமா?

பதில்: ஈறுநோய் மருத்துவர்

வாயில் வாழும் பாக்டீரியாக்கள் எச்சில் வழியாகக் கடக்கக்கூடியவையே; ஜின்ஜிவாலிஸின் ஒரே வகை கணவன் மனைவி இருவரிடமும் காணப்பட்டதுண்டு. ஆனால் பாக்டீரியா கடப்பதாலேயே குழந்தைக்கு ஈறுக்கட்டி வந்துவிடாது, ஏனென்றால் அது தங்குவதற்கு ஆழமான பையும் காரையும் வேண்டும். சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பெரியவர்களின் எச்சில் வழியே குழந்தைகளுக்குச் செல்வது நன்கு அறியப்பட்டது என்பதால், கரண்டியைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. நாளை வரும்போது அம்மா வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு வரட்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்து வாருங்கள்.