காட்டுமாடு நடமாடும் தோட்டத்தில் கூடவே நடக்க ஒரு நாய்: எந்தக் குட்டி, எப்படிப் பழக்குவது?

பண்ணைக்காடு காபி:

பண்ணைக்காட்டுக்கு மேலே காபி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு போட்ட தோட்டம். ஒரு பக்க எல்லை முழுக்கச் சோலையை ஒட்டியே போகிறது. தினமும் காலையில் தண்ணீர்க் குழாயையும் வேலியையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். காட்டுமாடு எப்போதும் உண்டு, ராத்திரியில் பன்றி, சில மாதம் யானை, எப்போதாவது கரடி. கூட நடக்க ஒரு நாய் வேண்டும். வீட்டுக் காவல் இரண்டாம் பட்சம்தான். முன்னால் மிருகம் நிற்பதை எனக்குத் தெரிவிக்க வேண்டும், ஆனால் அதைக் கிளப்பிவிடக் கூடாது.

ராஜபாளையம் குட்டி ஒன்று தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்து ஊரில் கோம்பைக் கலப்புக் குட்டிகளும் இருக்கின்றன. எதை எடுக்கலாம், எந்த வயதில்? முதலில் எதைப் பழக்க வேண்டும்? தண்ணீர், குறடு மாதிரி சின்னச் சுமையை அதன் முதுகில் ஏற்றலாமா?

மேல்மலை:

கிளப்பிவிடக் கூடாது என்று சொன்னீர்களே அண்ணே, அதை வைத்துத்தான் குட்டியையே பார்க்க வேண்டும். தைரியமான நாயைத் தேடாதீர்கள். காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு பாயும் நாய், மாடு தலையைத் தாழ்த்தித் திரும்பியதும் நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும். மாடும் பின்னாலேயே வரும். கரடியும் யானையும் அப்படித்தான். மலையில் நாயோடு போகிறவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து இதுதான்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் பார்த்துத் துரத்தவே வளர்த்த வேட்டை நாய்கள். முயலோ கேளையாடோ எழுந்து ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. முடியும் குட்டை, தோலும் மெல்லிசு, மார்கழிப் பனிக்குத் தாங்காது. இந்த வேலைக்கு வேண்டாம்.

ராஜபாளையம் நல்ல காவல் நாய், ஆனால் பெரிய உடம்பு. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது அந்த இனத்தில் உண்டு. எடுப்பதாக இருந்தால் காதைச் சோதித்துவிட்டு எடுங்கள். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்குங்கள். தட்டைக் கீழே போட்டுச் சோதிக்கக் கூடாது, தரை அதிர்வதை வைத்தே செவிட்டுக் குட்டி திரும்பும். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் செய்யுங்கள். எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் ஒரே பக்கமாகத் திரும்பினால் ஒரு காது கேட்கவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த நாய்க்குச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. மூடுபனியில் நீங்கள் விசிலடித்தால் எதிர்த்திசையில் போய் நிற்கும்.

கோம்பை ஆளோடு ஒட்டும், விழிப்பு அதிகம். எதிர்த்து நிற்கும் குணமும் அதிகம். கலப்பில் அது கொஞ்சம் தணிந்திருந்தால் நல்லது. என்னைக் கேட்டால் தோட்டத்திலேயே வளர்ந்த தாய்க்குப் பிறந்த நாட்டுக்குட்டியோ கோம்பைக் கலப்போ போதும். வளர்ந்த பிறகு 15 முதல் 20 கிலோவுக்குள் நிற்கிற உடம்பாக இருக்க வேண்டும். அடிபட்டால் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வர வேண்டியது நீங்கள்தானே.

முதலில் தாயைப் பாருங்கள். கோழி குறுக்கே ஓடும்போதும் புது ஆள் வரும்போதும் என்ன செய்கிறது? விரட்டிக் கடிக்கிற தாய் என்றால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். குட்டிகளை ஏழு, எட்டு வார வயதில் பாருங்கள். ஐந்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைப் போடுங்கள் (இந்தச் சோதனை காதுக்கு அல்ல, மனத்துக்கு). திடுக்கிடுவது தப்பில்லை. சில நொடியில் மெல்ல வந்து மோந்து பார்க்கிற குட்டிதான் வேண்டும். தட்டின் மேல் பாய்கிறதும் வேண்டாம், மூலையில் ஒடுங்கி வெளியே வராததும் வேண்டாம். பிறகு ஒன்றும் பேசாமல் நடந்து போய் ஒரு செடிக்குப் பின்னால் நில்லுங்கள். தேடிக்கொண்டு வருகிற குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்காதீர்கள், கூடப்பிறந்ததுகளோடு விளையாடித்தான் கடியின் அளவையே கற்றுக்கொள்ளும்.

கோத்தகிரி தேயிலை:

பழக்கறதைப் பற்றி நான் சொல்றேங்க.

முதல் வேலை கூப்பிட்டால் வருவது. மலையில் இதற்கு வாயைவிட விசில் நல்லது. மூடுபனியிலும் ஓடைச் சத்தத்திலும் கேட்கும், உங்கள் பயமும் கோபமும் அதில் தெரியாது. உள்ளே உருளும் சின்ன உருண்டை (பட்டாணி) இல்லாத விசில் வாங்குங்க, மழையில் அடைக்காது. குட்டி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் இரண்டு குறுவிசில் அடித்துவிட்டுத்தான் வைக்கணும். ஒரு வாரத்தில் விசில் என்றால் சாப்பாடு என்று மனதில் பதிந்துவிடும். அதற்கப்புறம் முற்றத்தில், பிறகு தோட்டத்தில். ஒவ்வொரு தடவையும் பட்டாணி அளவு வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று.

மூன்று விஷயத்தில் பலபேர் கெடுத்துவிடுவாங்க. வராது என்று தெரிந்தும் விசிலடிப்பது. திரும்பத் திரும்ப அடிப்பது. வந்ததும் கட்டிப்போடுவதோ திட்டுவதோ. வராத நாயிடம் நீங்களே போய்ப் பிடித்துக் கூட்டிவாங்க. பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை ஈரலைக் கொடுத்து மறுபடி விளையாடவே விட்டுவிடணும். விசில் கேட்டால் சுதந்திரம் போச்சு என்று நாய் நினைத்துவிட்டால் அந்த விசில் அதோடு சரி.

மூன்று மாதத்துக்கு மேல் 10 மீட்டர் கயிறு. கழுத்துப் பட்டையில் மாட்டாதீங்க, மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டுங்க. கயிற்றின் கடைசியில் முடிச்சோ கைப்பிடியோ இருக்கக் கூடாது. காபிச் செடியிலும் உண்ணிச்செடிப் புதரிலும் முடிச்சுதான் சிக்கும், நாய் சரிவில் தொங்கிப்போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்க. சரிவில் கயிற்றை இடுப்பில் கட்டவே கூடாது.

அடுத்தது ‘பின்னால’. ஒற்றையடிப் பாதையில் நாய் உங்கள் முழங்காலுக்குப் பின்னால்தான் வரணும். வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாட்டை முதலில் பார்ப்பது நீங்களாக இருக்கணும். அதை நாய் மூக்கால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும், அதற்கு முன்னால் போகத் தேவையே இல்லை. இதைப் பழக்க இரண்டு பக்கமும் செடி அடர்ந்த குறுகிய சந்து வேணும், எங்க பக்கம் தேயிலைச் சந்து அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். நாய் முந்தப் பார்த்தால் கைக்கம்பைக் குறுக்கே நீட்டி நின்றுவிடுங்க. அடிக்க வேண்டாம், நகராமல் நின்றால் போதும். பின்னால் வந்ததும் கையைப் பின்பக்கம் தாழ்த்தித் துண்டைக் கொடுங்க. துண்டு எங்கே கிடைக்கிறதோ நாய் அங்கேயே இருக்கும். முன்பக்கம் நீட்டிக் கொடுத்தால் அது முன்னால்தான் வரும்.

பிறகு மிருகத்தைக் காட்டுவது. கயிற்றோடு, காட்டுமாடு 150 மீட்டருக்கு அப்பால் மேயும் இடத்தில், காற்று அங்கிருந்து இங்கே வரும்போது. காது விறைக்கும், வாய் மூடும், மூக்கு மட்டும் வேலை செய்யும். முதுகு முடி நிமிர்வதற்கு முன்னால் மெதுவாகப் பேர் சொல்லுங்க. திரும்பிப் பார்த்த நொடியில் துண்டு, உடனே பின்வாங்கல். குரைத்துவிட்டால் நீங்கள் ரொம்பக் கிட்டே போயிருக்கீங்க, அடுத்த நாள் தூரத்தைக் கூட்டுங்க. பல வாரம் இப்படிச் செய்தால் மாட்டு வாசம் வந்ததும் நாயே நின்று உங்க முகத்தைப் பார்க்கும். நீங்க கேட்ட எச்சரிக்கை அதுதாங்க.

ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றேகால் வயசு வரைக்கும் எல்லாம் மறந்த மாதிரி நடக்கும். அந்தக் காலத்தில் கயிறு இல்லாமல் விடவே வேண்டாம். ஒரு தடவை மிளாவை விரட்டி ஓடிவிட்டால் அந்த ஓட்டத்தின் சுகத்துக்கு உங்க ஈரல் ஈடாகாது.

சுமை வேண்டாங்க. எலும்பு முற்ற ஒன்றரை வயசு ஆகும். அப்புறமும் 18 கிலோ நாய்க்கு இரண்டு பக்கமும் சேர்த்து 1.8 கிலோ, சரிபாதியாகப் பிரித்து ஏற்றணும். காபிச் செடிக்குள் பை மாட்டும், சரிவில் ஒரு பக்கம் சாயும். ஒன்றரை மணி நடைக்குத் தண்ணீரை நீங்களே தூக்கிக்கலாம்.

கால்நடைப் பிரிவு:

மேலே இருவரும் சொல்லாத ஒன்று, சரியாகப் பழகாவிட்டால் உயிரே போகும்: தரையில் கிடப்பதைத் தின்னாமை. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை (இரைக்குள் மறைத்த நாட்டு வெடி) கடித்தால் தாடையே சிதறும். எலி மருந்தும் பூச்சிமருந்து கலந்த இரையும் அப்படியே. மூடிய கைக்குள் பிஸ்கட்டை வைத்து நீட்டுங்கள். நக்கும், பிராண்டும், கை திறக்கக் கூடாது. முகத்தைப் பின்னால் இழுத்ததும் ‘விடு’ என்று சொல்லி மறு கையிலிருந்து கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொடுத்தால், காத்திருந்தால் அதுவே கிடைக்கும் என்றுதான் கற்கும். அடுத்து காலுக்கடியில், பிறகு திறந்த தரையில், கடைசியாக வேறொருவர் பாதையில் வைத்துவிட்டுப் போன இறைச்சியில், கயிற்றோடு.

தடுப்பூசி: டிஸ்டெம்பர், பார்வோ என்ற இரண்டு வைரஸ் நோய்க்கும் சேர்ந்த ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்த்துக் கேளுங்கள், ஓடைத் தண்ணீர் குடிக்கிற நாய். வெறிநாய்க்கடி ஊசி 12 வாரத்தில், ஓராண்டில் மறுபடி. டிஸ்டெம்பர் உங்கள் நாயோடு நிற்காது, செந்நாய்க் கூட்டத்துக்கும் போகும். ஊசி முடியும் வரை குட்டியைப் பொது இடத்தில் தரையில் விட வேண்டாம். ஆனால் வீட்டுக்குள்ளும் பூட்டாதீர்கள், 14 வாரத்துக்குள் பார்க்காததற்கெல்லாம் பிறகு பயப்படும். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஜீப், ஆடு, கோழி, கவாத்து மெஷின் சத்தம் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

நடை முடிந்ததும் காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், பட்டைக்கு அடியில் உண்ணி பாருங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், மண்ணெண்ணெய், நெருப்பு வேண்டாம். ஈறு வெளிறி, சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடிக்கடி ரத்தம் கசிந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். பாராசிட்டமால், புருஃபென் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். மலைப்பூண்டும் வெங்காயமும் அதன் ரத்த அணுக்களைச் சிதைக்கும், குழம்புச் சோறு வேண்டாம்.

பாம்பு கடித்தால் நடக்கவிடாமல் சாக்கில் போட்டு இருவர் தூக்குங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் செய்தது. சோலையில் இருக்கும் குழிவிரியனுக்கு அது பொருந்தாது, ஆகவே பாம்பின் நிறத்தையும் தலை வடிவையும் மருத்துவரிடம் சொல்வது முக்கியம்.

ராத்திரி வெளியே சங்கிலியில் கட்டுவது சிறுத்தைக்கு இலை போட்டு வைப்பது மாதிரி. நான்கு பக்கமும் மேலேயும் கம்பிவலை அடித்த கூடு, தரை ஓரடி உயரம், வீட்டுச் சுவரை ஒட்டி. மேலே மூடாத கூட்டுக்குள் சிறுத்தை எளிதாக இறங்கும்.

பண்ணைக்காடு காபி:

எல்லோருக்கும் நன்றி. கோம்பைக் கலப்புக் குட்டிகளின் தாயைப் போய்ப் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். கழுத்தில் மணி கட்டலாமா? யானை எதிரே வந்துவிட்டால் கயிற்றைப் பிடித்திருப்பதா, விட்டுவிடுவதா?

மேல்மலை:

மணி கட்டுங்கள். கரடிக்கு முன்கூட்டியே சத்தம் கேட்டால் அது விலகிப் போகும். திடீரென்று எதிர்ப்படுவதால்தான் பாதிக்கு மேல் வம்பு.

கோத்தகிரி தேயிலை:

நாய் கழுத்தில் வேண்டாங்க. நாள் முழுக்கக் காதுக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தால் அது எதைக் கேட்டு உங்களுக்குச் சொல்லும்? உங்க கைக்கம்பில் கட்டுங்க. கரடிக்கும் கேட்கும், தேவைப்பட்டால் கையால் பொத்திக்கவும் முடியும்.

யானை தூரத்தில் இருந்தால் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, பேசாமல் வந்த வழியே திரும்பிடுங்க. துரத்தியே விட்டால் கயிற்றை விட்டுடணும், பிடித்தால் இருவரும் விழுவீங்க. நாய் மறுபடி உங்களிடமே வரும் என்பதும் உண்மைதான், அதனால்தான் அந்த நிலை வராமல் பார்ப்பதே வேலை. புது யானை லத்தி (சாணம்) ஆவி பறக்கக் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

கால்நடைப் பிரிவு:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அப்பால் வனத்துறை நிலம் என்றால் நாயோடு உள்ளே இறங்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விரட்டுவதும் வேட்டையாடுதலில்தான் சேரும், கொடைக்கானல் சரணாலயமும் 2013இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. குட்டி பார்க்கப் போகும்போது, துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டாகத் தருவார்கள், வாங்காதீர்கள். இரண்டு கூடப்பிறப்புகள் ஒன்றையொன்றுதான் பார்க்கும், உங்களைப் பார்க்காது. மிருகம் கண்ணில் பட்டாலோ ஒன்று ஓட மற்றதும் ஓடும். இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவதுக்கு இரண்டு வயது ஆன பிறகு எடுங்கள்.