டீபன் ஆற்றில் கயாக்: எங்கே இறக்குவது, எப்போது இறக்குவது?

இப்ஸ்விச் புதியவன்

வணக்கம். நாங்கள் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள இப்ஸ்விச் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. போன வாரம் காற்றடைக்கும் கயாக் ஒன்று வாங்கினேன், இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் உட்காரும் அளவு. பையனுக்குப் பத்து வயது. மூன்று பேருக்கும் நீச்சல் தெரியும், ஆனால் ஏரியில்தான் இதுவரை துடுப்பு போட்டிருக்கிறோம்.

பக்கத்தில் டீபன் ஆறு அமைதியான ஆறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் உட்பிரிட்ஜிலிருந்து கடல் முகத்துவாரம் வரை ஒரே நேர்கோடு போலத் தெரிகிறது. காலையில் உட்பிரிட்ஜில் இறக்கி, மதியம் முகத்துவாரத்தில் இருக்கும் ஃபீலிக்ஸ்டோ ஃபெர்ரி என்ற ஊரில் கரையேறிவிடலாம் என்று யோசனை. எங்கெல்லாம் கயாக் இறக்க இடம் இருக்கிறது? லைசென்ஸ் எதுவும் வாங்க வேண்டுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோல்செஸ்டர் குமரன்

ஃபீலிக்ஸ்டோ ஃபெர்ரி அருமையான இடம் நண்பரே. பழைய மார்ட்டெல்லோ கோட்டைகள், மீன்குடிசைகள், எதிர்க்கரை போக ஒரு சின்னப் படகு. நான் காரில்தான் போனேன், கயாக்கில் போனதில்லை. தண்ணீர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போய் வாருங்கள்.

முத்துப்பேட்டைக்காரன்

புதியவன் தம்பி, ஃபெர்ரிக்குப் போகும் யோசனையை முதலில் கைவிடுங்கள். குமரன் சொன்னது கரையில் நின்று பார்க்க உண்மை. கயாக்கில் உட்கார்ந்தால் அந்த இடமே வேறு. உட்பிரிட்ஜிலிருந்து முகத்துவாரம் 12 கி.மீ.க்கு மேல். அதுகூடப் பெரிதில்லை. இவ்வளவு பெரிய கழிமுகத்தில் ஏறி நிரம்பும் தண்ணீர் முழுவதும் வற்றும்போது ஃபெர்ரிக்கும் எதிர்க்கரையில் உள்ள பாட்ஸிக்கும் நடுவே உள்ள குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே ஓடும் வேகத்தை எதிர்த்துத் துடுப்பு போட முடியாது. வாய்க்கு வெளியே கூழாங்கல் திட்டு வேறு, வருடத்துக்கு வருடம் இடம் மாறும். கரையேறும் இடத்தைத் தவறவிட்டால் அடுத்தது வடகடல்தான். பையனை வைத்துக்கொண்டு முதல் பயணம் அது வேண்டாம்.

நீங்கள் கேட்டது ‘எங்கே’ என்று. இந்த ஆற்றில் முதலில் ‘எப்போது’ என்று கேட்க வேண்டும். இறங்குமிடம் என்பது இங்கே நிலையான இடமில்லை, சில மணி நேரத்துக்கு மட்டும் இருக்கும். உட்பிரிட்ஜில் ஏற்றம், அதாவது கடலிலிருந்து ஏறி வரும் தண்ணீர், நிறைந்திருக்கும்போது ஆறு கரை முட்ட, தெப்பக்குளம் மாதிரி நிற்கும். ஆறு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள்: நடுவில் குறுகலான ஒரு கால்வாய், இரு பக்கமும் பளபளக்கும் சேறு. ஸ்லிப்வே எனும் படகு இறக்கும் சரிவின் நுனிக்கும் தண்ணீருக்கும் இடையே இருக்கும் சேற்றில் முழங்கால் வரை புதையும். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே மேல் ஆறு நமக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முத்துப்பேட்டையில் வளர்ந்தவன். அலையாத்திக்காட்டுப் பக்கம் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் பார்த்துப் பழகிய கண். ஆனால் அங்கே ஏற்ற இறக்கம் கொஞ்சம்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய 3 மீட்டர் ஏறி 3 மீட்டர் இறங்கும். ஒரு மாடி உயரம். அத்தனையும் சுமார் ஆறு மணி நேரத்தில் நடக்கிறது, அதிலும் நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி தண்ணீர் நகரும். இழுப்பு அதிகம் இருப்பதும் அப்போதுதான்.

வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் உட்பிரிட்ஜில் ஏற்றம் பகல் ஒன்றரை முதல் மூன்று மணி வாக்கில் வரும், கோடை நேரப்படி. அஷ்டமி பக்கம் போனால் ஏற்றம் காலையிலும் மாலையிலுமாகப் பிரிந்துவிடும், நடுப்பகலில் சேறுதான். சனிக்கிழமை மதியம் குடும்பத்தோடு போக வேண்டுமானால் அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி வரும் சனிக்கிழமையைப் பாருங்கள். சரியான மணிக்கு ஓத அட்டவணை, அதாவது தண்ணீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல், பார்த்தே ஆக வேண்டும். அதில் இரண்டு விஷயம். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இன்னொன்று, ‘உட்பிரிட்ஜ் ஹேவன்’ என்று போட்டிருப்பது ஊர் இல்லை, முகத்துவாரம். ஊருக்கு ஏற்றம் வந்து சேர இன்னும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இப்போது உங்கள் முதல் பயணம். கீழே போகாதீர்கள், மேலே போங்கள். உட்பிரிட்ஜில் இறக்கி, ஏறும் தண்ணீரோடு மெல்ட்டனில் இருக்கும் வில்ஃபோர்டு பாலம் வரை. இரண்டரை கி.மீ. வாக்கில்தான் இருக்கும். ஏறும் தண்ணீரில் போவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு: எங்காவது சேற்றில் தட்டி நின்றால் இறங்கவே வேண்டாம், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் தண்ணீர் தானாகத் தூக்கிவிடும். வற்றும் தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே. அப்புறம் காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. அந்த நீட்டில் அது முதுகில் தள்ளும். காற்றடைத்த கயாக் தண்ணீருக்கு மேல் உயரமாக நிற்பதால் எதிர்க்காற்றில் நகரவே நகராது.

ஏற்றம் இரண்டு மணி என்றால் பன்னிரண்டரைக்கு உட்பிரிட்ஜில் இறங்குங்கள். ஆற்றங்கரை நடைபாதையை ஒட்டியே ஸ்லிப்வே இருக்கிறது. இறங்கியதும் வெள்ளைப் பலகை அடித்த ஓத மில் கட்டடத்தைப் பாருங்கள். கடல் ஏற்றத்தைக் குளத்தில் பிடித்துவைத்து, வற்றும்போது திறந்துவிட்டு மாவு அரைத்த இடம். அந்த இடத்தில் 1170-லேயே மில் இருந்ததற்குப் பதிவு உண்டு, இப்போது நிற்கும் கட்டடம் 1793-இல் கட்டியது. 1957-இல் சக்கரத்தின் ஓக் அச்சு முறியும் வரை வேலை செய்தது. பழைய மில் குளம் இப்போது உல்லாசப் படகுகள் நிற்கும் துறையாகிவிட்டது. அதன் வாயில் படகுகள் வந்து போகும், கொஞ்சம் விலகியே போங்கள்.

அங்கிருந்து மேலே போகும்போது வலது கரையில் மேடு தெரியும். அதுதான் சட்டன் ஹூ. 1939-இல் பேசில் பிரவுன் என்பவர் அங்கே ஒரு மேட்டைத் தோண்டியபோது 27 மீட்டர் நீளக் கப்பலின் தடம் கிடைத்தது. மரம் முழுக்க மட்கிப்போய், மணலில் அச்சும் இரும்பு ஆணிகளும் மட்டும் வரிசை மாறாமல் இருந்தன. ஏழாம் நூற்றாண்டு மன்னர் ஒருவரைக் கப்பலோடு புதைத்த இடம். ரேட்வால்டாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. நீங்கள் துடுப்பு போடும் இதே தண்ணீரிலிருந்துதான் அந்தக் கப்பலை மேட்டுக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். ஆற்று மட்டத்தில் உட்கார்ந்து அந்த மேட்டை அண்ணாந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். அருங்காட்சியகத்தில் இது கிடைக்காது, பையனுக்கு அவசியம் காட்டுங்கள். ஆனால் அந்தக் கரையில் ஏறாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

லைசென்ஸ்: ஓதம் ஏறி இறங்கும் பகுதியில் படகு விடுவது பொது உரிமை, அனுமதிச் சீட்டு வேண்டாம். உள்நாட்டுக் கால்வாய்களுக்கும் ஓதம் எட்டாத சில ஆறுகளுக்கும்தான் அது தேவை. ஆனால் தண்ணீரில் போகும் உரிமை கரையில் ஏறும் உரிமை ஆகாது. கிழக்குக் கரையில் பெரும்பகுதி தனியார் நிலம், அழகான பழைய துறைகள் உட்பட. எனவே ஏறுமிடம் என்று முடிவு செய்த இடத்தில் மட்டும் ஏறுங்கள்.

மெல்ட்டன் மீனா

முத்துப்பேட்டை அண்ணா சொன்ன அதே பயணம்தான் நாங்களும் பிள்ளைகளோடு போவது. ஒன்று சேர்க்கிறேன்: கார் வேண்டாம். காற்றடைக்கும் கயாக் பையில் அடங்கும் அல்லவா? இப்ஸ்விச்சிலிருந்து லோஸ்டாஃப்ட் போகும் ரயிலில் ஏறினால் உட்பிரிட்ஜ் ஸ்டேஷன் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் மெல்ட்டன், வில்ஃபோர்டு பாலத்துக்குப் போகும் சாலையிலேயே, நடக்கும் தூரம்தான். இங்கே இறக்கி, அங்கே ஏறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீடு. பெரிய டவல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தைத் துடைக்காமல் மடித்தால் பை இரட்டை கனம். ரயில் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பையனுக்குக் கிராக்ஸ், செருப்பு போடாதீர்கள். சேறு கழற்றிவிடும். கணுக்கால் வரை கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ போதும். மே மாதம் வெயில் அடித்தாலும் தண்ணீர் நன்றாகக் குளிரும், பருத்தி டி-ஷர்ட் நனைந்தால் குழந்தை பத்து நிமிடத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும்.

இப்ஸ்விச் புதியவன்

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. ஃபெர்ரி யோசனையை விட்டுவிட்டோம். ரயில் விஷயம் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு சந்தேகம். நடுவில் கட்டிப் போட்டிருக்கும் பாய்மரப் படகுகளுக்கிடையே போவது ஆபத்தா? இந்த மேல் பகுதி பழகிய பிறகு அடுத்து எங்கே போகலாம்?

முத்துப்பேட்டைக்காரன்

படகுகள் நமக்கு உதவியும்கூட. ஒற்றைக் கயிற்றில் கட்டிய படகு பெரும்பாலும் ஓட்டத்தை நோக்கித்தான் முகம் திருப்பி நிற்கும். எல்லாம் கடல் பக்கம் பார்த்து நின்றால் தண்ணீர் இன்னும் ஏறுகிறது. ஒவ்வொன்றாகக் குறுக்கே திரும்பத் தொடங்கினால் திருப்பம் வந்துவிட்டது, கரையேறும் நேரம். மிதவைகளையும் கவனியுங்கள், அடிப்பக்கம் தண்ணீர் கோடு கிழித்துக்கொண்டு போனால் இழுப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆபத்து எங்கே என்றால், கட்டிய படகுக்கு மேலோட்டப் பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம், போய் நிற்பதில். ஓட்டம் கயாக்கைப் பக்கவாட்டில் அந்தப் படகின் மேல் அழுத்தி, கவிழ்த்து, அடியில் இழுத்துவிடும். மிதவைக்கும் இதே கதைதான். எப்போதும் அவற்றின் கீழோட்டப் பக்கமாகக் கடந்து போங்கள், நிறைய இடம் விட்டு. பையன் ஆசைப்பட்டான் என்று மிதவையைப் பிடிக்க விடாதீர்கள்.

மூன்று பேரும் லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, இறுக்கிக் கட்டுங்கள். பையனுடையதைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அது பெரிய அளவு. போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், கயாக்கோடு இல்லை. ஏதாவது என்றால் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டு என்று கேட்க வேண்டும். சேற்றில் கால் புதைந்தால் இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள், கயாக்கின் மேல் குப்புறப் படுத்து எடையைப் பரப்பினால் கால் மெல்ல வெளியே வரும்.

வில்ஃபோர்டு பாலத்தில் ஆறு குறுகும், இழுப்பும் கூடும். பாலத்துக்குக் கீழே போகாமல் முன்னாலேயே ஏறிவிடுங்கள். ஏற்றம் நிறைவதற்கு அரை மணி முன்னதாகவே அங்கே இருந்தால் நிதானமாகக் கரையேறலாம்.

அடுத்த இடம் வால்ட்ரிங்ஃபீல்ட். எனக்கு இந்த ஆற்றிலேயே பிடித்த கரை. மணலும் கூழாங்கல்லுமாகக் கொஞ்சம் கெட்டியான கரை, எனவே தண்ணீர் ஓரளவு வற்றியிருந்தாலும் சேற்றில் மாட்டாமல் இறக்கலாம். கரையிலேயே ஒரு பப், பக்கத்தில் படகுப் பட்டறை. ஆனால் ஊருக்குள் வரும் சாலை ஒடுக்கம், கோடை ஞாயிறுகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. சரிவு யாருடையது, கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள்.

அங்கிருந்து ஏறும் தண்ணீரில் மேலே வந்தால் ஆறு அகன்று, வளைந்து, கைசன் முனையில் மார்ட்டில்ஷம் ஓடை பிரியும். ஓடைக்குள் ஏற்றத்தோடு நுழைந்து, ஏற்றம் முடியும் முன்பே திரும்பிவிட வேண்டும். அங்கே கொஞ்ச நேரம் துடுப்பு போடாமல் இருந்து பாருங்கள். தண்ணீர் சேற்றின் மேல் ஏறும்போது முதலில் மெல்லிய நுரைக்கோடு ஒன்று நகரும். அதற்குப் பின்னால் சேற்றுத் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் குமிழி வெளியே வரும். அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் பறவைகள் அவசர அவசரமாக மேயும், மூக்கு மேல்நோக்கி வளைந்த அவோசெட் உட்பட. குளிர்காலத்தில் பிரென்ட் வாத்துகள் கூட்டமாக வரும். மேயும் கூட்டத்தைப் பறக்கவிட்டால் அவை சேர்த்த சக்தி வீணாகும், எனவே தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கும் தூரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வால்ட்ரிங்ஃபீல்டிலிருந்து கீழே ராம்ஸ்ஹோல்ட் போவதை இன்னொரு கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே ஆறு அகலம், வற்றும் தண்ணீரும் தென்மேற்குக் காற்றும் எதிரெதிரே மோதினால் குட்டையான, செங்குத்தான அலை எழும். அதைக் கயாக்கில் சமாளிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை எது என்று பார்த்து எழுதுங்கள். அன்றைய காற்று முன்னறிவிப்பை வியாழன் இரவு சேர்ந்து பார்ப்போம். மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் காட்டினால் அந்த வாரம் வேண்டாம்.

மெல்ட்டன் மீனா

தேதி முடிவானதும் சொல்லுங்கள் தம்பி. நாங்கள் வீட்டிலிருந்தால் பாலத்துக்கு வந்து கயாக்கை மேலே தூக்க ஒரு கை பிடிக்கிறோம்.