குரல் திரும்பி வந்துவிட்டது, கவிதை மட்டும் ஏன் நிற்கவில்லை?

வகுப்பறை:
நான் கணக்கு ஆசிரியை. இருபது வருடம் சத்தம் போட்டுப் பாடம் நடத்தியதில் குரல் நாணில் சிறு முடிச்சு வந்துவிட்டது. எளிய அறுவை சிகிச்சைதான். ஆனால் அதன் பிறகு ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள். துண்டுத்தாள்களை ஒரு கட்டாக வைத்துக்கொண்டு வேண்டியதை எழுதிக் காட்டினேன். முதல் நாள் 'தண்ணீர்', 'கதவைச் சாத்துங்கள்'. மூன்றாம் நாள், யாரும் எதுவும் கேட்காதபோதே இப்படி எழுதினேன்:

மின்விசிறி ஒன்றுதான்
நாளெல்லாம் பேசுகிறது.
பதில் சொல்ல ஆசை.

பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு கவிதையை விட்டவள் நான். இப்போது குரல் வந்து எட்டு மாதம் ஆகிறது. எழுதுவது நிற்கவில்லை. படிக்கவும் தொடங்கிவிட்டேன். யாரோ எழுதிய ஒரு வரியில் சட்டென்று தொண்டை அடைத்துக்கொள்கிறது. அறுவை நடந்த அதே இடம்! வாயால் சொல்ல முடிகிறபோது கவிதை எதற்கு? மனிதர்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள்?

இரவுப்பணி:
மனதில் உள்ளதை இறக்கி வைத்தால் லேசாகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

ஈற்றடி:
அவர்கள் எழுதியது உரைநடை. அப்படியானால் நாட்குறிப்பே போதுமே? கவிதைக்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

என் அனுபவம் வெண்பா. நான்கு அடி, கடைசி அடிக்கு மூன்றே சீர், தளை தட்டக் கூடாது. ஒருமுறை 'கதவு' என்று தொடங்கினேன். அடுத்த அடியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து 'த' வர வேண்டும், முதல் எழுத்து குறிலாக இருக்க வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் 'உதவி' வந்து நின்றது. உதவி கேட்கும் பாட்டு எழுத நான் உட்காரவே இல்லை. ஆனால் அந்தச் சொல் வந்ததும் எழுந்துபோய் நடந்துவிட்டு வந்தேன். அப்போது எனக்கு உதவி தேவைப்பட்டது உண்மை. எதுகைதான் அதைக் கண்டுபிடித்தது. உரைநடையில் எழுதியிருந்தால் அதைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போயிருப்பேன்.

டீச்சர், உங்களுக்கு அந்தத் துண்டுத்தாளின் அளவே யாப்பாக இருந்திருக்கிறது.

பழைய வாசகி:
கேள்வியின் இரண்டாம் பாதியை யாரும் தொடவில்லை. யாரோ ஒருவர் வரிக்கு நம் தொண்டை ஏன் அடைக்க வேண்டும்?

நம் பழைய அகப்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. அதில் வரும் தலைவன், தலைவி யாருக்கும் பெயர் கிடையாது. ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லிவிட்டால் அது அகமே இல்லை என்கிறது தொல்காப்பியம். நாற்பது வருடமாகக் குறுந்தொகை படிக்கிறேன். நானூறு பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடி. எந்தத் தலைவிக்கும் பெயர் இல்லாததால் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. வாசிப்பவள் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அதில் ஒரு தலைவி சொல்கிறாள்: அவர் பக்கத்தில் இருந்தால் விழா நடக்கும் ஊர்போல மகிழ்வேன், பிரிந்தால் மனிதர்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் விளையாடும் வீடுபோல வருந்துவேன். அணில் பயமில்லாமல் ஓடுகிறது என்றால் அங்கே ஆள் நடமாட்டம் நின்று எத்தனை நாளாகியிருக்கும்! அழுகை பற்றி ஒரு சொல் இல்லை. என் துணை போன பிறகு அந்தப் பாட்டை எடுத்தால் முதல் அடியைத் தாண்ட முடியாமல் மூடி வைத்துவிடுவேன். அப்புறம் ஒருநாள் முழுவதும் படித்தேன். எனக்கு ஆறுதல் சொன்ன அத்தனை பேரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்த வீட்டை என்னைப்போல் பார்த்தவர், இயற்பெயர்கூடத் தெரியாத அந்தப் புலவர் ஒருவர்தான். பாட்டில் வந்த தொடரை வைத்தே அவரை அணிலாடு முன்றிலார் என்கிறோம்.

இன்னொன்று. அந்தப் பாட்டுகளில் புலவர் தன் வாயால் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று எப்போதும் வேறொருவர் வாய். வாயால் சொல்ல முடிகிறபோது எதற்கு என்றீர்களே, நம் வாயால் சொல்லும்போது நாம் நம் பக்கத்தை மட்டும்தான் சொல்கிறோம். அந்த ஒரு வாரத்தை வேறொருவர் கூற்றாக எழுதிப் பாருங்கள்.

வகுப்பறை:
பதில் போட நாளாகிவிட்டது, மன்னிக்கவும். முதலில் மின்விசிறியின் கூற்றாக முயன்றேன், வெறும் விளையாட்டாக நின்றுவிட்டது. அப்புறம் என் கணவர் கூற்றாக எழுதினேன்:

அவள் நீட்டிய தாள்களில்
தண்ணீர் என்றிருந்தது,
கதவு என்றிருந்தது.
எல்லாம் என் சட்டைப்பையில்.
என் பெயர் எழுதிய தாளை
இன்னும் தேடுகிறேன்.

கடைசி இரண்டு வரியை எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். உண்மையில் அந்த வாரம் முழுக்க ஒரு தாளில்கூட நான் அவரை விளித்து எழுதவில்லை. எல்லாம் வேண்டும், வேண்டாம் என்பதுதான். அவருக்கு அந்த வாரம் எப்படி இருந்தது என்று இந்த எட்டு மாதத்தில் நான் கேட்டதும் இல்லை.

இதுவரை எதையும் அவரிடம் காட்டியதில்லை, நேற்று இதைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "சட்டைப்பை இல்லை, மேசை இழுப்பறை" என்று சொல்லிவிட்டு, போய் எடுத்து வந்தார். ரப்பர் வளையம் போட்ட கட்டு. மின்விசிறித் தாளும் அதில் இருந்தது, நான் தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இப்போது ஒரு சந்தேகம். கவிதையில் இழுப்பறை என்று திருத்த வேண்டுமா?

பழைய வாசகி:
வேண்டாம். சட்டைப்பையே இருக்கட்டும், அது நெஞ்சுக்குப் பக்கம்.

ஈற்றடி:
நான் திருத்துவேன். இழுப்பறையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், அதனால்.