ஸ்டாண்ட்அலோன்: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

இசைக் கருவிகளுக்கும் இசை மென்பொருளுக்கும் அடைமொழியாக வரும் ‘ஸ்டாண்ட்அலோன்’ (standalone) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குப் போன வாரம் மூன்று சொற்கள் வந்தன: தானியங்கி, தனித்தியங்கி, தனிநிலைக் கருவி. மூன்றாவதற்குத்தான் ஆதரவு அதிகம். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நான் இலக்கணம் படித்தவன் அல்லன். இந்த இசைப் பெட்டிகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன்.

தானியங்கியை முதலிலேயே தள்ளிவிடலாம். அது ஆட்டோமேட்டிக்குக்குப் போய் நெடுநாளாகிறது. இசை மென்பொருளில் ஆட்டோமேஷன் என்று தனியாக ஒன்றும் உண்டு: ஒலியளவோ ஃபில்டரோ (ஒலியை வடிகட்டுவது) பாட்டின் போக்கில் தானே ஏறி இறங்கும்படி கோடு வரைந்து வைப்பது. அதற்கு வேண்டுமானால் அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

மற்ற இரண்டிலும் என் சிக்கல் வேறு. மென்பொருள் சின்த் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி) ஒன்றை நிறுவும்போது எந்தெந்த வடிவம் வேண்டும் என்று கேட்கும்: விஎஸ்டி3, ஏயூ, சிலவற்றில் கிளாப் என்று இன்னொன்றில் செருகும் வடிவங்கள், அப்புறம் ஸ்டாண்ட்அலோன். இங்கே அதன் பொருள், கியூபேஸ் மாதிரி இன்னொரு இசை மென்பொருளுக்குள் செருகாமல் தனியாகத் திறந்து வாசிக்கலாம் என்பது. கணினி கட்டாயம் வேண்டும். அகாய் நிறுவனத்தின் எம்பிசி லைவ் என்ற இசையமைப்புப் பெட்டியை ஸ்டாண்ட்அலோன் என்றால் கணினியே வேண்டாம் என்று பொருள். ஒன்று உதறுவது மென்பொருளை, மற்றது உதறுவது கணினியை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. நானே இதில் சறுக்கியவன். முதல் பெட்டி வாங்கியபோது அதன் விவரக் குறிப்பில் ஸ்டாண்ட்அலோன் என்றும், பிளகின் (செருகி) சின்த்கள் உள்ளே உண்டு என்றும் இருந்தது. என் கணினியில் இருந்த சின்த்தும் ஸ்டாண்ட்அலோன் என்றுதானே நிறுவிக்கொண்டது, இதிலும் ஓடும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். கணினியில் எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு இசை அமைத்து, மெமரி கார்டில் போட்டு, பெட்டியில் திறந்தேன். கிக் டிரம் வந்தது. ஹைஹேட் வந்தது. அந்த சின்த் வாசிக்கவேண்டிய பேஸ் (அடித்தள ஒலி) வரவேண்டிய இடத்தில் மௌனம். அந்த டிராக்கின் நோட்டுகள் திரையில் வரிசையாக ஓடுகின்றன, மீட்டர் மட்டும் அசையவில்லை. அரைமணி நேரம் கேபிள்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். செருகி என்ற சொல்லின் முழுப்பொருளும் அன்றைக்குத்தான் விளங்கியது.

இத்தகைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது லினக்ஸும் ஏஆர்எம் சிப்பும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் கட்டிய செருகிகள் அதில் ஏறா. உள்ளே இருப்பவை அந்தப் பெட்டிக்கென்றே ஆக்கப்பட்டவை. சிப் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் வந்த ஏபிள்டன் நிறுவனத்தின் புஷ் 3 பெட்டிக்குள் இருப்பது இன்டெல் சிப். ஆனாலும் கணினி இல்லாமல் ஓடும்போது ஏபிள்டனின் லைவ் என்ற மென்பொருளின் சொந்தக் கருவிகள்தான் கிடைக்கும், வெளியார் விஎஸ்டி வராது.

கடைசியில் அந்த பேஸைச் சாம்பிளாக (பதிவு செய்த ஒலித்துண்டுகளாக) எடுத்துத்தான் பெட்டிக்குள் கொண்டுபோனேன். 61 கட்டையில் மூன்று கட்டைக்கு ஒரு நோட்டு, ஒவ்வொன்றும் நான்கு அழுத்தத்தில், ஆக 84 துண்டுகள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஆறு விநாடி ஏறக்குறைய 1 எம்பி என்பதால் எல்லாம் சேர்த்து 90 எம்பிக்குள் அடங்கியது. 2 ஜிபி ரேம் உள்ள பெட்டிக்கும் அது பாரமில்லை. என்ன, ஃபில்டரின் அசைவு அப்படியே உறைந்துபோகும். பெட்டியின் ஃபில்டரை மேலே போட்டுக்கொள்ளலாம்; அது வேறு குரல்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1988-இல் வந்த எம்பிசி60-க்குக் கணினி தேவையில்லை. ஆனால் அதை ஸ்டாண்ட்அலோன் என்று அழைக்கவேண்டிய அவசியமும் இல்லை, எம்பிசி என்றாலே போதும். 2012-இல் எம்பிசி ரினைசான்ஸ் வந்து கணினியோடு கட்டிப்போட்ட பிறகு, 2017-இல் எம்பிசி லைவும் எம்பிசி எக்ஸும் கட்டை அவிழ்த்தபோதுதான் இந்த அடைமொழிக்கு வேலை வந்தது. விசைத்தறி வருமுன் கைத்தறி என்று யாராவது சொல்லியிருப்பார்களா, தறி என்றிருப்பார்கள். அதனால் எதை விட்டு விலகியது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும் என்பது என் எண்ணம். என்ன சொல் என்றுதான் தெரியவில்லை. ஐயா, நீங்கள் சொல்லுங்கள்.

---

> மூன்றாவதற்குத்தான் ஆதரவு அதிகம்.

தம்பிக்கு வணக்கம்.

தனிநிலைக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறேன். இலக்கணத்தில் தனிநிலை என்பது ஆய்த எழுத்தின் பெயர். அந்த ஆய்தமோ சார்பெழுத்து. முன்னே ஒரு குறிலும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் தாங்காவிட்டால் அதற்கு வாழ்வில்லை: அஃது, எஃகு. பேர்தான் தனிநிலை, பிழைப்பு சார்ந்து. உங்கள் பேஸ் சத்தம் வராத கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் தேடும் சொல் கையருகிலேயே இருக்கிறது. அரசுசாரா நிறுவனம் என்று எல்லோரும் எழுதுகிறோம். அதே தடத்தில் ‘கணினிசாரா’ என்று சொல்லுங்கள். எதைச் சாராதது என்பது முன்னாலேயே நிற்கிறது. எதிர்ப்பதத்துக்கும் அலைய வேண்டாம், ‘கணினிசார்’ இருக்கிறது.

செருகியைத் தாங்கும் மென்பொருளைப் (ஆங்கிலத்தில் ஹோஸ்ட்) ‘புரவலன்’ என்று முன்பு ஒருவர் சொன்னார். நயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புரவலன் வந்தால் பின்னாலேயே இரவலனும் வருவான், செருகிகள் எல்லாம் கையேந்தி நிற்கும். தாய்ப்பலகை (மதர்போர்டு) என்ற சொல் முன்பே இருப்பதால் ‘தாய்நிரல்’ போதும் என்பேன். செருகுநிரல், தாய்நிரல், இணை பொருந்துகிறது.

---

இடையில் புகுந்து நான் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கிறேன். லினக்ஸ் ஓடுகிறது, ரேம் இருக்கிறது என்றால் அந்தப் பெட்டியே ஒரு கணினிதானே? கணினியையே கணினிசாரா என்று எப்படிச் சொல்வது?

---

குறுக்குக் கேள்வி சரியானதுதான். ஆனால் கைப்பேசியும் கணினிதான். ‘கணினியில் அனுப்பாதே, கைப்பேசியில் அனுப்பு’ என்றால் யாரும் குழம்புவதில்லை. வாங்குகிறவர் கேட்பது மேசையில் இன்னொரு இயந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்பதைத்தான். அதற்கு இந்தச் சொல் நேராகப் பதில் சொல்கிறது.

ஐயா, கணினிசாரா எனக்கு முழுச் சம்மதம். நேற்று இரவு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்.

‘புஷ் 3 இரண்டு வகையாகக் கிடைக்கிறது, கணினிசாராதது ஒன்று, கணினிசார்ந்தது ஒன்று.’ சரியாக உட்காருகிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேறுபாடு உள்ளே கணினியின் வேலையைச் செய்யும் சிப்பும் பேட்டரியும் இருக்கின்றனவா என்பதில்; இங்கே சொல்தான் காப்பாற்றவேண்டும்.

‘எம்பிசி லைவை யூஎஸ்பியில் இணைத்து, கணினிசாரா நிலையிலிருந்து கட்டுப்படுத்தி (கன்ட்ரோலர்) நிலைக்கு மாற்று.’ இதுவும் சரி. ஒரே பெட்டி காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று. தனித்தியங்கி என்று பெயர்ச்சொல்லாக முடித்திருந்தால் இங்கே மாட்டியிருப்போம். அடைமொழியாக இருப்பதால் நிலையோடும் சேர்கிறது, கருவியோடும் சேர்கிறது.

‘இந்தச் சின்த் தாய்நிரல்சாரா வடிவிலும் வருகிறது.’ இது நாக்கில் புரளவில்லை. ‘தனிச்செயலியாகவும் வருகிறது’ என்றால் எனக்குப் போதும். இரண்டும் வேறுபட்டு ஒலிப்பதே நல்லது, இரண்டையும் யாரும் ஒன்றாக நினைக்கமாட்டார்கள்.

வாங்க நினைப்பவர் கேட்கவேண்டிய கேள்வியும் இப்போது தமிழிலேயே வந்துவிடுகிறது: ‘பெட்டி கணினிசாராதது, சரி. வெளியார் செருகிகளை ஏற்குமா?’ இந்த இரண்டாவது பாதியைக் கேட்காமல்தான் நான் 84 துண்டு வெட்டினேன்.

விக்சனரியில் கணினிசாரா, தனிச்செயலி இரண்டையும் தனித்தனி உள்ளீடாக ஏற்றட்டுமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். லேட்டன்சிக்கு (கட்டையை அழுத்தியபின் ஒலி வர ஆகும் தாமதம்) ‘சுணக்கம்’ என்று ஒரு சொல் என்னிடம் இருக்கிறது, அதை வேறு இழையில் தொடங்குகிறேன்.